மூணாவது வார்த்தை

நம்ம வயசுக்காரங்களுக்குச் சொன்னா ஒடனே புரியும், அதனால உங்ககிட்ட சொல்றேன். இப்ப ஈஸ்டருக்கு முன்ன நோம்பு இருக்கற லெந்து நாள் பொறந்தா காலைல கண்ணு முழிக்கறதுக்குள்ள போன்ல பூப்போட்ட வசனம் வந்து விழுது. யாரு படிக்கிறா? நானே படிக்கறதில்ல, கட்டைவிரலால தள்ளிட்டுப் போயிடறேன். நம்ம காலத்துல வசனம்னா மனப்பாடம். சண்டே ஸ்கூல்ல ஒரு வார்த்தை முன்னபின்ன ஆனா காது செவக்கும், அந்த செவந்த காதோட வீட்டுக்குப் போனா அங்க தனியா ஒண்ணு விழும். ஆனா பாருங்க, அடி வாங்கிப் படிச்சதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. எங்கம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டின ஒரே ஒரு பகுதி மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். வரவேணாம்னாலும் வரும்.

தொண்ணூறுகள்ல ஒரு வருஷம், நான் ஏழாங்கிளாஸ். செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் போற ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி ஏரிக்கரை மேல நடந்தா எங்க காலனி. எங்க தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்ட சனம். எங்கப்பாவ நாங்க நைனான்னுதான் கூப்புடுவோம். நைனா ரயில்வேல தண்டவாளம் பாக்கற கேங்மேன், அம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா. சர்ச்சு வாசல் வேப்பமரத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதான் எங்க கோயில் மணி. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நைனாகிட்ட யாரும் கேக்கமாட்டாங்க, நைனாவும் சொல்லாது.

எனக்கு ஒரு அண்ணன். பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டுட்டு மகாபலிபுரத்துல ஒரு சிற்பப் பட்டறைல சேந்துச்சு. செதுக்கறதுக்கு வேற ஆளு. செதுக்கி முடிச்ச செலைய தண்ணி ஊத்தி உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கறதுதான் அண்ணன் வேலை. புள்ளையாரு, நந்தி, புத்தரு, ஆர்டர் வந்தா மாதா. விரல் நுனியெல்லாம் வெளுத்து ரேகையே இருக்காது. எனக்கு ஒரு கருங்கல் ஆமை தேய்ச்சுக் குடுத்துச்சு, உள்ளங்கைல அடங்கும். சித்திரை வெயில்ல கன்னத்துல வெச்சா அப்பிடி ஒரு ஜில்லு. அத எந்த வீடு மாறுறப்ப தொலைச்சேன்னு தெரியல.

நைனாவோட அண்ணன், எங்க பெரியப்பா, சபை மூப்பர். பையன் விக்கிரகம் பண்ணிகினு திரியறானேன்னு அவருக்கு ஒரு கொறை. எங்கம்மா விடுமா? என் புள்ள கல்லத்தான் தேய்க்குது, கல்லப் படைச்சது யாருன்னு உங்க பைபிள்ல போட்டிருக்கான்னு கேட்டுச்சு. பெரியப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு எழுந்து போயிட்டாரு.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் முடிஞ்சதும், பூனா பக்கம் ஒரு பெரிய கோயில் வேலைன்னு பட்டறைலேர்ந்து ஒரு கூட்டமே கெளம்புச்சு, அண்ணனும் போச்சு. அம்மாவுக்கு மனசே இல்ல. ஈஸ்டருக்கு வந்துடறேம்மான்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுச்சு.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணி வரைக்கும் நடக்கற மூணு மணி நேர ஆராதனை உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சிலுவைல தொங்கிகினு இயேசு பேசின ஏழு வார்த்தைய ஏழு பேரு ஆளுக்கொண்ணா எடுத்துகினு பேசுவாங்க. எங்க சபைல அது எப்பவும் வாத்தியாருங்களுக்கும் ஆபீசுக்குப் போறவங்களுக்கும்தான். எங்கம்மா மாதிரி ஆளுங்க பின்னால மூணு கல்லு கூட்டி, ஆராதனை முடிஞ்சு எல்லாரும் குடிக்கறதுக்குக் கஞ்சி காய்ச்சுவாங்க. அந்த வருஷம் வந்த பாஸ்டர் புதுசு. சின்ன வயசு. காலமெல்லாம் கஞ்சி காய்ச்சற கைங்கள்ல ஒருத்தர் இந்தத் தடவ பேசணும்னாரு, மூணாவது வார்த்தைய எங்கம்மாவுக்குக் குடுத்துட்டாரு. பெத்த தாயப் பாத்து இனிமே இவன்தான் உனக்குப் புள்ளைன்னும், பக்கத்துல நிக்கிற சீஷனப் பாத்து இவங்கதான் உனக்கு அம்மான்னும் இயேசு ஒப்படைச்ச வார்த்தை.

அம்மா படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுப்புல சோறு கொழஞ்சிடும். நம்மால ஆவாதுன்னு சொல்லிடும்னு நெனச்சேன். சொல்லல. அந்த வாரம் பூரா அது மொகத்துல ஒரு வெக்கம், ஒரு சிரிப்பு. பொண்ணு பாத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு தடவ, கை நடுங்காம, பேப்பர் பாக்காம, அந்த எடத்துல நின்னு பேசிடணும், அவ்ளோதான்டி எனக்குன்னு என்கிட்ட சொல்லுச்சு. எங்கம்மா தனக்குன்னு ஆசப்பட்டு நான் பாத்தது அது ஒண்ணுதான்.

சாயங்காலம் வெளக்கு வெச்சதும் நான் படிப்பேன், அது திருப்பிச் சொல்லும். பகல்ல பள்ளிக்கூடத்துல சாம்பார் அண்டாவக் கிண்டிகினே சொல்லிப் பாக்கும். ஹெட்மாஸ்டர் வந்துட்டா பருப்பு வேகலன்னு மொணகற மாதிரி மாத்திக்கும். லெந்துன்னா வீட்ல கவிச்சி கெடையாது. சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து கூடையோட வர்ற மீன்காரம்மா எங்க தெருவுல நொழையறப்பவே, உங்க சாமி நோம்ப எப்பதான் முடிக்கும்னு அலுத்துக்கும். நைனா மட்டும் ஸ்டேஷன் பக்கம் ஆம்லெட் தின்னுட்டு வாயில பாக்கு போட்டுகினு வரும். அம்மாவுக்கு வாசனையே போதும். ஆனா அந்த வருஷம் சண்டை போடல. உக்காரு, நான் சொல்றத கேளுன்னு உக்கார வெச்சு ஒப்பிக்கும்.

ஒப்பிக்கறதோட நிக்கல, கேள்வி வேற. சண்டே ஸ்கூல்ல யாரும் கேக்காத கேள்வி. இயேசுவுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்கறப்ப எதுக்கு அடுத்தவனாண்ட ஒப்படைக்கணும், அவங்கல்லாம் ஏன் வரல? சிலுவைக்குக் கீழ அந்தம்மா எவ்ளோ நேரம் நின்னுச்சு, தண்ணி கிண்ணி யாராவது குடுத்தாங்களா? ஒருநாள் மொறத்துல அரிசி பொடைச்சுகினு இருந்தது திடீர்னு நிறுத்திட்டுக் கேட்டுச்சு.

"ராத்திரில புடிச்சுகினு போறாங்க. மறுநாள் சிலுவைல போடறாங்க. அந்தம்மாவுக்கு யாரு போயி சொன்னா?"

நான் நாலு சுவிசேஷமும் பொரட்டிப் பாத்தேன். போடலம்மான்னு சொன்னேன். அப்பிடி எப்பிடி போடாம வுடுவாங்கன்னு அதுக்கு மனசே ஆறல.

குருத்தோலை ஞாயிறு, அதான் பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, அன்னிக்கு அண்ணன் பாஸ்டர் வீட்டுக்கு போன் பண்ணுச்சு. காலனிக்கே போன் அங்க மட்டும்தான். அம்மா ஓடிப்போய் போன வாங்கி, எப்பிடிடா கீறன்னுகூட கேக்கல, மூணாவது வார்த்தைய மொதல்லேர்ந்து ஒப்பிச்சுச்சு. அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. எம்மா நீ பாஸ்டராயிட்டம்மான்னு கிண்டல் பண்ணிச்சாம். சனிக்கிழமை வந்துடறேன்னு சொல்லிச்சாம். பேசற அன்னிக்கே வரக்கூடாதான்னு அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இனிமே சொல்றது அன்னிக்கு எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு பெரியப்பா வாயாலயே கேட்டது.

பெரிய வியாழக்கிழமை காலைல பட்டறைக்காரரு மொபெட்ல வந்தாரு. எங்க வீட்டுக்கு வர தைரியம் இல்லாம நேரா பாஸ்டர் வீட்டுக்குப் போனாரு. அங்க பூனால கல்லத் தூக்கற செயின் அறுந்துபோச்சு, கீழ நின்ன அண்ணன் மேல கல்லு எறங்கிடுச்சு. அந்த எடத்துலயே உயிர் போயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குக்கூட எடுத்துகினு போவல. லாரில வெச்சு அனுப்பிட்டாங்க, வந்து சேர சனிக்கிழமை ஆவும்.

பாஸ்டரு, அவரு சம்சாரம் பாஸ்டரம்மா, பெரியப்பா மூணு பேரும் நைனாவக் கூட்டிகினு வந்து சர்ச்சுக்குப் பின்னாடி ரூம்ல உக்காந்துட்டாங்க. பெரியப்பாதான் மொதல்ல ஆரமிச்சாரு. உடம்பு வர எப்பிடியும் சனிக்கிழமை ஆவுது, இன்னிக்குச் சொன்னாலும் ஒண்ணுதான், நாளைக்கு மூணு மணிக்கு மேல சொன்னாலும் ஒண்ணுதான். லெந்து பூரா அந்தப் பொம்பள படிச்சுகினு கீது, அது பேசி முடிக்கட்டும். பாஸ்டரம்மா அழுதுகினே ஆமாம்னாங்க. கடைசில பாஸ்டர் நைனாவப் பாத்து நீங்க சொல்லுங்கன்னாரு. நைனா தலைய நிமித்தல. அது பேசட்டும்னு மட்டும் சொல்லுச்சாம்.

இப்ப கணக்குப் போட்டா அந்த பாஸ்டருக்கு முப்பதுகூட இருக்காது. இன்னிக்கு என் பையன் வயசு பசங்கள்ல பாதிப் பேரு அப்பிடித்தான் இருக்காங்க, அடுத்தவங்களுக்கு வலிக்கக்கூடாதுன்னு எதையாவது செஞ்சு வெக்கறது. கெட்ட எண்ணம் யாருக்குமே இல்ல. அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். கெட்ட எண்ணம் இருந்திருந்தா மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருப்பேன்.

அன்னிக்கு சாயங்காலம் நைனா வேலைலேர்ந்து வர்ற மாதிரி வந்துச்சு. அம்மா உக்கார வெச்சு ஒப்பிச்சுச்சு. நைனா செவுத்தப் பாத்துகினு கேட்டுச்சு. நல்லாகீதான்னு அம்மா கேட்டா, நல்லாகீதுமேன்னு சொல்லிட்டு செருப்புகூட போடாம வெளில போச்சு. இத்தினி நாளா கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு போலன்னு நான் நெனச்சேன்.

காலனில ஒரு சேதி எத்தினி நேரம் நிக்கும்? வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள எல்லா வீட்டுக்கும் போயிடுச்சு, எங்க வீட்ட மட்டும் விட்டுட்டு. பக்கத்து வீட்டு அத்தை காலைல வந்து அம்மாவுக்குத் தலை வாரி விட்டாங்க. அதுக்கு முன்ன ஒருநாளும் வாரினதில்ல. வாரிகினே மூக்க உறிஞ்சறாங்க. நான் பேசறதுக்கு நீ ஏன்டி அழுவுறன்னு அம்மா சிரிச்சுச்சு. பாஸ்டரம்மா தன்னோட வெள்ளைப் புடவை ஒண்ணு குடுத்தனுப்பியிருந்தாங்க. அதக் கட்டிகினு நின்னப்ப எங்கம்மா எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா.

அன்னிக்கு தண்டவாள மணி அடிக்கமாட்டாங்க, சனம் தானா வந்து உக்காரும். தகரக் கூரை, அடுப்புல வெச்ச மாதிரி காயுது. மொத வார்த்தை ரிடயர்டு வாத்தியாரு, ரெண்டாவது வார்த்தை ஒரு ரயில்வே கிளார்க்கு. அவரு நீட்டி முழக்கினாரு. அப்புறம் அம்மா எழுந்துச்சு. கை நடுங்கல. பேப்பர் எடுத்துகினே போவல.

படிச்சத அப்பிடியே ஒப்பிச்சுச்சு, ஒரு எழுத்து பெசகல. அதோட நிறுத்திடும்னு நெனச்சேன். நிறுத்தல. எனக்கும் ஒரு புள்ள தூரதேசத்துல கீதுன்னு ஆரமிச்சுச்சு. கண்ணுக்கெட்டாத ஊர்ல அதுக்குப் பசிக்குதா, ஜொரமான்னு எனக்குத் தெரியாது, ஆனா அங்க எவளோ ஒரு அம்மா ஒரு வாய் சோறு போடுவா, கர்த்தர் ஒப்படைச்சிருப்பாரு, நாளைக்கு வந்துடும்னு சொல்லுச்சு. சபைல ஒரு மூலைலேர்ந்து விசும்பல் கேட்டுச்சு. அப்புறம் இன்னொரு மூலைலேர்ந்து. அம்மாவுக்குக் கொரல் எறங்கல, ஏறுச்சு.

"அந்தம்மாவுக்கு சேதி சொன்ன ஆளு பேரு வேதத்துல இல்ல. நானும் என் பொண்ணும் தேடினோம், இல்ல. ஆனா யாரோ ஓடிகினு போயி சொல்லிகீறாங்க. பயந்துகினு மறைக்கல. சொன்னதாலதான் அந்தம்மா ஓடியாந்து கிட்ட நிக்க முடிஞ்சுது. புள்ள சாவுறப்போ நான் வூட்ல அரிசி பொடைச்சுகினு இருந்தேன்னு ஆவல. அந்த ஆளு யாரா இருந்தாலும் கர்த்தர் அவங்கள நல்லா வெக்கணும்."

சொல்லிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு. சபையே அழுவுது. ஆம்பளைங்க அழறாங்க. பாஸ்டரு நெத்திய பிரசங்க மேடை மரத்துல சாய்ச்சுகினு நின்னாரு. பெரியப்பா எழுந்து வெளில போயிட்டாரு. நைனா ஆம்பளைங்க பக்கம் கடைசி வரிசைல, ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலைய வெச்சுகினு இருந்துச்சு. நாலாவது வார்த்தை பேசவேண்டிய டீச்சரு எழுந்து நின்னாங்க, மூக்கத் தொடைச்சுகினு திரும்ப உக்காந்துட்டாங்க.

எனக்குப் பெருமைன்னா பெருமை. எங்கம்மா பேசினா வாத்தியாருங்களே கதறுறாங்கன்னு நெஞ்சு வெடிக்கற மாதிரி இருந்துச்சு. அம்மா என் காதுகிட்ட குனிஞ்சு, "ரொம்ப அழ வெச்சிட்டேனாடி?"ன்னு கேட்டுச்சு. குத்தம் பண்ணிட்ட மாதிரி கேட்டுச்சு, ஆனா கண்ணுல அப்பிடி ஒரு சந்தோஷம்.

மூணு மணி ஆச்சு. அப்பவாவது சொன்னாங்களா? இல்ல. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல, வெறும் வயித்துல சொல்லவேணாம், கஞ்சி குடிக்கட்டும்னாங்களாம். சர்ச்சுக்கு வெளில போட்ட பந்தல்ல உக்கார வெச்சு, தொவையலோட கஞ்சி குடுத்தாங்க. அம்மா ஆற அமரக் குடிச்சுச்சு. உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லுச்சு. குடிச்சு முடிச்சு கையக் கழுவினதும் பாஸ்டரம்மா அதோட கையப் புடிச்சு பின்னாடி ரூமுக்குக் கூட்டிகினு போனாங்க. நைனாவும் பாஸ்டரும் உள்ள இருந்தாங்க. நான் வாசல்ல நின்னேன்.

உள்ளேர்ந்து சத்தமே வரல. எங்க பக்கம் சாவு சேதின்னா சத்தம் எப்பிடி வரும்னு உங்களுக்குத் தெரியும். ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா வெளில வந்துச்சு. பந்தல்ல கஞ்சித் தட்டோட உக்காந்திருந்த ஒவ்வொரு மொகத்தையும் பாத்துச்சு. எல்லாரும் தலைய குனிஞ்சாங்க. எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்னு அதுலயே அதுக்குப் புரிஞ்சுபோச்சு. பின்னாலயே வந்து நின்ன நைனாவத் திரும்பிப் பாத்துச்சு.

"நீயும் தெரிஞ்சுகினுதான் உக்காந்து கேட்டியா?"

"நீ ஆசப்பட்டியேமே" ன்னுச்சு நைனா.

அப்புறம் அம்மா என்னப் பாத்துச்சு. நீயுமான்னு வாயத் தெறந்து கேக்கல. எனக்குத் தெரியாதும்மான்னு நான் அலறினேன். அண்ணன் செத்துப்போச்சுன்னு அந்த நிமிஷத்துலதான் எனக்கே புரிஞ்சுது. அம்மா என்ன இழுத்துக் கட்டிக்கிச்சு. ஆனா அழல. அழவேண்டியவங்கல்லாம் அதுக்கு முன்னாடியே அழுது முடிச்சிட்டாங்க, அது மட்டும் நடுவுல நின்னு சிரிச்சுகினு இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த மொகத்த வெச்சுகினு அழறது?

சனிக்கிழமை லாரி வந்துச்சு. சொன்ன நாளு தப்பல. கல்லறைத் தோட்டத்துல மண்ணு போட்டோம். மறுநாள் விடியக்காலைல உயிர்த்தெழுந்தார்னு நைனா கட்டின மணியவே அடிச்சாங்க. அம்மா எழுந்து குளிச்சு சர்ச்சுக்கு வந்துச்சு, பாட்டுப் பாடறப்ப எழுந்து நின்னுச்சு, வாய் மட்டும் அசையல.

சர்ச்சுக்குப் போறத அது நிறுத்தல. கர்த்தர் மேல அதுக்குக் கோவம் இல்ல. ஆனா என்னப் படிக்கச் சொல்லிக் கேக்கறத நிறுத்திடுச்சு. பெரிய வெள்ளிக்கிழமைன்னா பின்னால அடுப்புகிட்ட உக்காந்துக்கும், ஏழு வார்த்தையும் முடியற வரைக்கும் வெறகு தள்ளும். நைனாவுக்கு சோறு போடும், துணி தொவைக்கும், ஜொரம்னா பக்கத்துல உக்காரும். அந்த ஒரு நாளப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க. நைனா சில நாள் திண்டாடும், எதையோ சொல்ல வந்து தண்ணி கேக்கும். இன்னும் ஒண்ணு. யாரு வீட்டுக்கு வந்தாலும் அவங்க வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி அம்மா அவங்க மொகத்தப் பாக்கும். நான் பிளஸ் டூ பாஸாயி சிரிச்சுகினு ஓடியாந்தப்பகூட, மொதல்ல என் மொகத்த நல்லா தேடிப் பாத்துட்டுத்தான் சந்தோஷப்பட்டுச்சு. பெத்த பொண்ண நம்ப முடியலயேன்னு எனக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு சொல்லுங்க.

ரெண்டாயிரத்துக்கு மேல, எனக்குக் கல்யாணமாகி கேளம்பாக்கத்துல இருந்தப்ப, நைனா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில படுத்துச்சு. ஒரு மத்தியானம் அம்மாவக் குளிச்சிட்டு வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டு நான் பக்கத்துல இருந்தேன். என் கையப் புடிச்சுகினு இருந்தப்பவே நைனா போயிடுச்சு. நர்ஸம்மா வந்து பாத்துட்டுத் துணிய மூடினாங்க. வராந்தாவுல பெரியப்பா உக்காந்திருந்தாரு. எப்பிடிம்மா கீதுன்னு கேட்டாரு. கேட்டவருக்கு ஒரு பதில்கூட சொல்லல நான். தாண்டிப் போய் ஆட்டோ புடிச்சேன். என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணல. வழில தெரிஞ்சவங்க பாத்து கேட்டாங்க, வாயே தெறக்கல.

அம்மா கொடில ஈரப் புடவைய போட்டுகினு இருந்துச்சு. திரும்பி என் மொகத்தப் பாத்துச்சு. நான் அது மொகத்துலேர்ந்து கண்ண எடுக்கல.

"நைனா செத்துப்போச்சும்மா. இப்பதான்."

அம்மா கொடியப் புடிச்சுகினு நின்னுச்சு. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உனக்குத்தாம்மா மொதல்ல சொல்றேன்."

அம்மா அப்பிடியே தரைல உக்காந்துச்சு. மார்ல அடிச்சுகினு, மண்ணுல பொரண்டு, அண்ணன் பேரையும் சேத்துச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு. வீட்டுக்கு வீடு கதவு தெறந்து சனம் ஓடியாந்துச்சு. இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு எல்லாரும் அம்மாவத்தான் கேட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.